பித்தளைக் கால்பலகை

ஜபருல்லா வந்துவிட்டான் என்பதைப் பட்டறையில் இருப்பவர்கள் மோட்டார் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. சத்தம் அடங்கிய பிறகு "யா அல்லா" என்று ஒரு முனகல் வருமே, அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். முதலில் வலது காலைத் தரையில் ஊன்றுவான். பிறகு இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுவது போல மெதுவாக இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்குவான். அதற்கப்புறமும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் அப்படியே நிற்பான்.

"என்னடா, கால் வந்து சேர்ந்துச்சா, இல்ல பாலிக் பூலாவ்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார் பட்டறை முதலாளி மீரா சாகிப்.

"வந்துக்கிட்டு இருக்கு முதலாளி. மாட்டு வண்டில ஏத்தி விட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

கேட்டுச் சிரிக்க ஆள் இருந்தால் வலியோடும் கேலி பேசுகிறவன் ஜபருல்லா. முப்பது வயது. டவுனில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சரக்கு வியாபாரியிடம் வேலை. வாரத்துக்கு மூன்று நாள் ஆயர் ஈத்தாம் மேடு ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவ் போய், தோட்டக்காரர்களிடம் கிராம்பும் ஜாதிக்காயும் பார்த்து விலை பேசி, மாதிரிச் சரக்கைக் கட்டிக்கொண்டு துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு வரவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. துரை பந்தயம் ஓட்டியவர். கால் வைக்கிற இரண்டு இரும்புக் குச்சிகளையும் பின்னுக்குத் தள்ளி உயரத்தில் வைத்திருந்தார். தவளை மாதிரிக் காலை மடக்கி உட்கார வேண்டும். துரைக்கு அது சரி. ஜபருல்லாவின் இடது காலோ கிட்டங்கி ஏணியிலிருந்து விழுந்து ஒடிந்து, கோணலாகக் கூடிய கால். முழுசாக மடங்காத காலை அரை நாள் மடக்கி வைத்தால் என்ன ஆகும்?

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"முத்தண்ணே, நீங்கதான் ஒரு வழி சொல்லணும். கால் வலிக்குதுண்ணே. தாங்க முடியல. கிராம்பு சீசன் வருது, இந்தச் சமயத்துல முடியாதுன்னு சொன்னா தவுக்கே வேற ஆளை அனுப்பிடுவாரு."

முத்தண்ணன் என்று அவன் கூப்பிட்டது பட்டறையில் வேலைக்கு இருந்த நல்லமுத்துவை. நாற்பத்தைந்து வயதுக்கு அறுபது வயதுத் தாடி. கையில் இருந்த ஸ்பேனரை அவர் கீழே வைத்துவிட்டார். கால் வலிக்குது. அந்த இரண்டு சொல்லை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டாலே அவருக்குக் கை ஓடாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு மேஸ்திரியாக ஒரு தண்டல். ஆளுக்கு ஒரு நம்பர் அடித்த தகர வில்லை. காலையில் கணக்கெழுதும் கிராணி வில்லையைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டுதான் ஆளைத் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏற்றுவார். முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. தொங்கான் நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சரக்கு இறக்கிக்கொண்டு வரும். அன்றைக்கு வேலைக்குப் போக முடியாதவன், முறை இல்லாத இன்னொருவனிடம் சத்தமில்லாமல் வில்லையைக் கொடுத்து அனுப்புவது உண்டு. தண்டலுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் உதை. ஆனாலும் எல்லாரும் செய்வார்கள்.

அன்று காலையில் கெடா மலைப் பக்கம் வானம் ஈயம் மாதிரி கிடந்தது. கடல் மூச்சே விடவில்லை. நல்லமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. இருபது வருஷம் கடலில் போய்வந்த ஆம்பிளை பயமாக இருக்கிறது என்று சொல்வானா? அடுத்த வீட்டு முனுசாமியைக் கூப்பிட்டு, "கால் வலிக்குதுடா, நீ போறியா?" என்றார். முனுசாமிக்கு அன்றைக்கு முறை இல்லை. வீட்டில் அரிசியும் இல்லை. "இதக் கேக்கணுமா?" என்று நாற்பத்தேழாம் நம்பர் வில்லையைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் ஓடினான். பத்து மணிக்குச் சுமத்ராக் காற்று என்கிற திடீர்ப் புயல் அடித்தது. தொங்கான் கவிழ்ந்தது. அதில் போன ஐந்து பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் நல்லமுத்து படகேறி அக்கரைக்குப் போய்விட்டார். பைராம் தோட்டத்தில் ஏழு வருஷத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவினார். யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. முனுசாமியின் பெண்சாதி புஷ்பவள்ளிக்குச் சேதி போயிருக்கும், அழுது தீர்த்திருப்பாள், செய்ய வேண்டியதைச் செய்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வேறு போக்கிடம் இல்லாமல் தீவுக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. ஜெலுத்தோங்கை விட்டு நகரமாட்டார். துறைமுகப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் கண் மூட முடியவில்லை; போய்ப் பார்க்கவும் கால் வரவில்லை. முட்டி வீங்கிக் கிடந்த நாளில்கூட அவர் கால் வலிக்கிறது என்று வாய் திறந்ததில்லை.

"ஏறி உக்காரு தம்பி," என்றார் ஜபருல்லாவிடம். "கால எங்க வச்சா சொகமா இருக்குமோ அங்க நீட்டு. வண்டிய மறந்துடு."

ஜபருல்லா உட்கார்ந்து, இடது காலை முன்னால் நீட்டி, அந்தரத்தில் பிடித்தான். நல்லமுத்து பாதத்துக்குக் கீழே ஒரு பலகையைக் கொடுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை முன்னால். இன்னும் கொஞ்சம் கீழே. விரல் பக்கம் லேசாகத் தூக்கல். சுவரில் சாக்கட்டியால் அளவைக் கோடு போட்டுக்கொண்டார். மூட்டை சுமந்தவருக்குக் காலைப் பற்றித் தெரியும். பாரம் முட்டியில் நிற்கக்கூடாது. குதிகால் வழியாக இறங்கித் தரைக்குப் போய்விட வேண்டும். மோட்டாரில் தரை ஏது? ஆகவே ஒரு துண்டுத் தரையைச் செய்து வண்டியோடு கட்டிவிட வேண்டியதுதான்.

முதலில் மரப்பலகை வைத்தார். ஒரு மழைக்கே வழுக்கி, ஆணியிடம் பிளந்துவிட்டது. அடுத்து இரும்புத் தகடு. அது இன்ஜின் நடுக்கத்தை அப்படியே ஏற்றிக் கொடுத்ததில், இறங்கும்போது ஜபருல்லாவுக்கு உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது.

"கனமா வேணும். துருப் பிடிக்கக்கூடாது. கனமா இருந்தாத்தான் நடுங்காது," என்று சொல்லிக்கொண்டே பழைய இரும்புக் கடைகளில் தேடினார். ஒரு கடையில், உடைந்த நங்கூரங்களுக்கு அடியில், முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. அரை அங்குல கனம். பச்சைக் களிம்பு பிடித்துக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு. மறு பக்கத்தில் எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தன. தமிழ் எழுத்து என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெலுத்தோங் படிப்பகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தார். 'அ'வில் இருந்தார். ஏதோ கடை போர்டு என்று நினைத்துக்கொண்டார்.

பட்டறையில் வைத்து அதை நெடுக இரண்டாக அறுத்தார். புடைப்பு எழுத்து மேலே இருந்தால் சப்பாத்து வழுக்காமல் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எழுத்தை மிதிப்பதா? இரண்டு துண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பி முடுக்கினார். மேலே தோட்டத்து ரப்பர் ஷீட்டை இரண்டு மடிப்பாக ஒட்டினார். குதிகாலுக்கு ஒரு தடுப்பு. பாதம் முன்னால் போய்விட்டதால் காலில் மிதிக்கும் பிரேக்குக்கு ஒரு கம்பியை நீட்டிக் கொடுத்தார். புகைக்குழாய்ச் சூடு வலது கெண்டைக்காலைச் சுடாமல் ஒரு தோல் மறைப்பு. நாலு நாள் வேலை.

ஜபருல்லா பாலிக் பூலாவ் போய்த் திரும்பி வந்தான். சத்தம் நின்றது. முனகல் இல்லை. மீரா சாகிப்பே எட்டிப் பார்த்தார். அவன் சாதாரண மனிதன் மாதிரி இறங்கி, இரண்டு காலால் நடந்து உள்ளே வந்தான்.

"அண்ணே," என்றான், நல்லமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு. "வலியே இல்லண்ணே. என்ன செஞ்சீங்க? மேட்டுல ஏறும்போது யாரோ அடியில நின்னு என் பாதத்த உள்ளங்கைல வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு."

நல்லமுத்துவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது தெரியவில்லை.

மூன்று மாதம் போனது. அவன் வந்து நின்ற இடத்தில், இரண்டு கால்பலகைக்கும் நேர் கீழே, தரையில் ஈரம். மழையில்லாத மாதம். ரோடெல்லாம் புழுதி.

"எங்கடா தண்ணில இறக்குன?" என்றார் மீரா சாகிப்.

"எங்கயும் இறக்கல முதலாளி. மலையில வர்ற வரைக்கும் காஞ்சுதான் இருக்கு. துறைமுக ரோட்டுக்குள்ள நுழைஞ்சா சப்பாத்து நனையுது."

"வேர்வைடா. காலக் கழுவுற பழக்கம் இருந்தாத்தானே?"

சிரித்தார்கள். ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் நின்றது. நல்லமுத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

"பழைய பித்தளை. கடலோரம் கெடந்திருக்கும், உப்பு ஊறியிருக்கும்," என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஈரத்திலிருந்து வாடை ஒன்று வந்தது. நனைந்த சாக்கு வாடை. அரிசி மூட்டை நனைந்தால் ஒரு வாடை, சீனி மூட்டை நனைந்தால் ஒரு வாடை. இது தோளில் போட்டுச் சுமந்து, ஆள் வேர்வையிலும் கடல் தண்ணீரிலும் ஊறிய தோள்சாக்கு. அது அவருக்குத் தெரியாத வாடை இல்லை.

அடுத்த வாரம் ஜபருல்லா வண்டியை விட்டு அவசரமாக இறங்கினான்.

"அண்ணே, கழட்டிடுங்கண்ணே."

"ஏன், வலி திரும்பிடுச்சா?"

"வலி இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு. சுகம்னா ஒரு அளவு இருக்கணும்லா? இன்னிக்குக் கிட்டங்கி முன்னாடி நிறுத்துறேன், காலத் தூக்கலாம்னு பாத்தா விடமாட்டேங்குது. புடிச்சு இழுக்கல. தாங்கிக்கிட்டே இருக்கு. யாராவது எறக்கச் சொல்ற வரைக்கும் எறக்கக்கூடாதுன்னு நிக்கிற கூலிக்காரன் மாதிரி." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும்."

நல்லமுத்து சிரிக்கவில்லை. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தார். தான் செய்த பலகையில் தான் முதல்முறை காலை வைத்தார்.

நல்ல சுகமாகத்தான் இருந்தது. முட்டியிலிருந்து பாரம் இறங்கிக் குதிகாலுக்கு வந்தது. அங்கேயிருந்து கீழே போயிற்று. போன இடத்தில் யாரோ வாங்கிக்கொண்டார்கள். மேலே நிற்பவன் மூட்டையைச் சரித்துக் கொடுக்கும்போது, கீழே நிற்பவன் தோளில் அது உட்கார்ந்த கணத்தில் கை காலியாகுமே, அந்த மாதிரி. "விட்டுடு, எனக்கு வந்துடுச்சு" என்று கீழேயிருந்து சொல்வார்கள். ரப்பருக்கும் பித்தளைக்கும் அடியில், உள்ளங்காலை ஒட்டி, சில்லென்று, பல பேர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் குதித்து இறங்கியதில் வண்டி சாய்ந்து, மீரா சாகிப் ஓடிவந்து பிடித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜபருல்லாவும் மீரா சாகிப்பும் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் நடுப்பகல் வெயிலும் நல்லமுத்துவும் மட்டும். பலகையைக் கழற்றலாம் என்று சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். முகத்துக்கு நேரே, ஒரு முழ உயரத்தில், பித்தளை எழுத்துகள். மூன்று மாதப் புழுதியும் உப்புத் தண்ணீரும் தேய்த்துத் தேய்த்து, களிம்பெல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தன.

இப்போது அவர் படிப்பகத்தில் நாலு மாதம் ஆன ஆள். எழுத்தைப் பார்த்தால் வாய் தானே கூட்டும்.

இடது பலகையில் மேல் வரி: க... ட... லி... ல். கடலில். அதற்குக் கீழே: இ, ப், ரா. அதோடு அறுந்திருந்தது. அறுத்தது அவர்தான். தலையைத் திருப்பி வலது பலகையைப் பார்த்தார். மாண்டோர். அதற்குக் கீழே: ஹிம்.

இப்ராஹிம். கூட்டத்தில் அவருக்கு முன்னால் நடக்கிற ஆள். முதுகில் பெரிய மச்சம் இருக்கும். தொங்கானில் போனவன்.

கடை போர்டு இல்லை. எழ முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இங்கே பாதி, அங்கே பாதியாக இரண்டாவது பேர், மூன்றாவது, நாலாவது. எல்லாரும் அவரோடு ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள். அவர்கள் பேரை நடுவே அறுத்து, அடுத்தவன் காலுக்கு அடியில் முடுக்கியிருக்கிறார். கடைசி வரி முனுசாமியாகத்தான் இருக்கும். அதைப் பார்க்க அஞ்சித்தான் எட்டு வருஷமாக ஓடினார். பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தார். பார்த்தார்.

அந்த வரியை அவர் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. படிப்பகத்தில் எவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது சொந்தப் பேரைத்தான். சிலேட்டில் நூறு தடவை எழுதி அழித்த பேர். இடது பக்கம், நல்ல. வலது பக்கம், முத்து.

வாசலில் வெயில் நகர்ந்துவிட்டது. அவர் அங்கேயே கிடந்தார். ஐந்து வரியையும் திரும்பத் திரும்பப் படித்தார். முனுசாமி எங்கேயும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. கிராணி எழுதியது வில்லை நம்பரைத்தான். கரை ஒதுங்கிய பிணத்தில் கிடந்ததும் அந்த வில்லைதான். வில்லைக்குரியவன் அன்றைக்கே ஊரில் இல்லாமல் போனான். அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? செத்தவன் நல்லமுத்து. அப்படியென்றால் முனுசாமி?

தொழுகை முடிந்து ஜபருல்லா தொப்பியை மடித்துக்கொண்டே உள்ளே வந்தான். நல்லமுத்து கழற்றிய இரண்டு பலகையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் ஈரம்.

"தம்பி, துறைமுகத்துல புஷ்பவள்ளின்னு ஒரு பொம்பள உண்டா?"

"ஆப்பக்கடை அக்காவா? கிட்டங்கிக்குப் போனா நான் அங்கதான் பசியாறுவேன். ஏன்?"

"அவ புருஷன்?"

"அந்தக் கதை ஊருக்கே தெரியும்ண்ணே. எவளையோ கூட்டிக்கிட்டு சயாமுக்கு ஓடிட்டானாம். அதுவும் தொங்கான் கவுந்த அன்னிக்கே. ஊரு பொணம் தேடிக்கிட்டு இருக்கு, இவன் அந்தக் கூட்டத்துல நழுவிட்டான். அக்கா மட்டும் ஒத்துக்கல. அவரு ஓடலன்னு எட்டு வருஷமா ஒத்தைல சொல்லிக்கிட்டு இருக்கு. சாப்பிட வர்ற பயலுக சும்மா இருப்பானுகளா? சயாம்லேருந்து கடுதாசி வந்துச்சா அக்கான்னு தெனமும் கேப்பானுக. நானே ரெண்டு தரம் கேட்டிருக்கேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் நல்லமுத்துவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்னண்ணே?"

நல்லமுத்து சொன்னார். வில்லை கொடுத்ததையும், கால் வலி பொய் என்பதையும் சொன்னார். பலகையைத் திருப்பிப் பேர்களைக் காட்டினார். ஜபருல்லா ஒரு வரி படித்தான். இரண்டாவது வரி படித்ததும், தன் இரண்டு பாதத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் ஈரம் படிந்த இடத்தை விட்டு ஓரமாகப் போய் நின்றான்.

"துறைமுக ரோட்ட அகலப்படுத்துனப்ப செத்தவங்க ஞாபகமா கூலிக்காரங்க வச்சிருந்த தண்ணிப் பந்தல இடிச்சாங்கண்ணே. அதுல ஒரு பித்தளை இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. இதுதான் போல," என்றான் மெல்ல. பிறகு, "என்ன செய்யப் போறீங்க?" என்றான்.

"போகணும்."

"துறைமுகத்து ஆளுக உங்கள அடிப்பானுக."

"அடிக்கட்டும்."

"வண்டில கொண்டுபோய் விடறேன்."

"கால எதுல வைக்கிறது?" என்றார் நல்லமுத்து. "உனக்கு மரத்துல செஞ்சு தாரேன் தம்பி. கீழ கனத்துக்கு ஈயம் வச்சா நடுங்காது. நான் வரலைன்னா, அளவு சுவத்துல இருக்கு. முதலாளி பாத்துச் செய்வாரு."

இரண்டு பலகையையும் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஜெலுத்தோங்கிலிருந்து துறைமுகம் ஒரு மணி நேர நடை. பாதி வழிக்கு மேல் சாக்கிலிருந்து முதுகில் தண்ணீர் வடிந்தது. அவர் துடைக்கவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு தோளில் ஒரு பாரம்; அந்த நடை தானாக வந்தது.

கடை என்றால் நாலு மூங்கிலும் ஒரு கித்தானும்தான். மத்தியானக் கூட்டம் கலைந்து, மூன்று பேர் குந்தியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பவள்ளி அடுப்புக்குப் பின்னால். தலை நரைத்திருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு. புதுசாக மஞ்சள் பூசிய கயிறு. அதைப் பார்த்ததும் நல்லமுத்து நின்றுவிட்டார். சாக்கு தோளிலிருந்து நழுவிக் கீழே இறங்கியது.

அவள் நிமிர்ந்தாள். தாடியை அவள் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது. கத்தவில்லை.

"நீங்க செத்துட்டீங்களே அண்ணே," என்றாள், ஏதோ ஞாபகப்படுத்துவது மாதிரி. "வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு உங்களுக்கும் ஒரு எலை போடறேன். உங்களுக்குன்னு யாரும் இல்லியே, பாவம்னு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் மூத்தவன் கையை உதறிக்கொண்டு எழுந்து பின்னால் போனான்.

நல்லமுத்து மண்ணில் உட்கார்ந்து, பலகைகளை எடுத்துச் சேர்த்து வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "இது நான் இல்ல தாயி," என்றார். "அன்னிக்கு வானத்தப் பாத்து எனக்குப் பயமாயிடுச்சு. கால் வலிக்குதுன்னு பொய் சொல்லி என் வில்லைய முனுசாமிகிட்டக் கொடுத்தேன். போனது அவன். நான் ஓடிட்டேன். அவன் எங்கயும் ஓடல."

ஆப்பம் கருகும் வாசனை வந்தது. அவள் சட்டியை இறக்கி வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அடுப்புக் கட்டையை எடுத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்த மூன்று பேர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?"

ஒருவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தான்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணே. இவனுகளுக்குக் காது மந்தம். எட்டு வருஷமா நான் சொன்னது கேக்கல."

அவர் மறுபடி சொன்னார்.

"எந்திரிக்காதீங்க. இங்கயே உக்காருங்க. இன்னும் ரெண்டு தொங்கான் திரும்பணும். அவனுகளும் வருவானுக."

தொங்கான் திரும்பியது. ஆட்கள் வந்தார்கள். அவரை அடையாளம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்; ஒருவன் அவர் நிழல் விழுகிறதா என்று தரையைப் பார்த்தான். ஒருவன் காறித் துப்பினான். அடிக்க மட்டும் ஒருவனும் கிட்ட வரவில்லை. செத்தவனைத் தொட யாருக்குத்தான் மனம் வரும்? வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் முதலிலிருந்து சொன்னார். புஷ்பவள்ளி மாவை ஊற்றிக்கொண்டும், இலையில் எடுத்து வைத்துக்கொண்டும் இருந்தாள். யாராவது பாதியில் நகர்ந்தால், "இருங்க, முடியட்டும்," என்றாள். சயாம் என்ற பேச்சை அன்றைக்கு ஒருவரும் எடுக்கவில்லை. தொண்டை வறண்டு அவர் நிறுத்தியபோது ஒரு குவளைத் தண்ணீரை, கையில் கொடுக்காமல், தரையில் வைத்தாள்.

வெயில் சாய்ந்து கூட்டம் போன பிறகு அடுப்பை அணைத்தாள். வந்து, பலகைகளுக்கு அந்தப் பக்கம், அவருக்கு எதிரே குந்தினாள்.

"உங்க பொணத்தப் பாக்க நானும் போனேன்," என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை.

"நாலு நாள் கழிச்சு ஒதுங்குச்சு. முகம் பாக்குற மாதிரி இல்லைன்னு சாக்கப் போட்டு மூடிட்டாங்க. காலு மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டுத் தள்ளி நிக்கிறாங்க. நான் மட்டும் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன். எங்கயோ பாத்த காலு மாதிரி இருக்கேன்னு. ரொம்ப நேரம் நின்னேன்." அவள் கை, பித்தளைமேல் இருந்த ஈரத்தை ஓரத்துக்கு வழித்தது. "தொட்டுப் பாக்கலாமான்னுகூட வந்துச்சு. அப்பத்தான் கிராணி வில்லையப் பாத்துட்டு நாப்பத்தேழு, நல்லமுத்துன்னாரு. சரி, அடுத்த வீட்டு ஆளு, தெனமும் பாத்த காலுதானேன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணே. அன்னிக்காவது அவரு சாப்பாட்டுக்கு வருவாருன்னு உலை வச்சேன்."